ஒரேஸ்தே திரும்பிப் பார்த்துச் சிரித்தது

அன்பு மகள் மிரெல்லாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை நோராவும் பெர்த்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்று எழுதுகிறேன். இங்கே மூடுபனி இறங்கிவிட்டது, எதிர்வீட்டு ஜன்னல்கூடத் தெரியவில்லை, துவைத்த துணி நாளெல்லாம் கணப்புப் பக்கத்தில் கிடந்தும் காய மாட்டேன் என்கிறது. தக்காளி லாரிகள் ஓய்ந்துவிட்டதால் தெருவில் சத்தமே இல்லை. உன் சித்தி முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிறாள், வாய் மட்டும் முன்பைவிட வேகமாக நடக்கிறது. போனில் பேசுகிற அம்மா எதற்குத் தாள் தாளாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியாது கண்ணு, அப்பா எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறார், அவர் காது இப்போது பாம்புக் காது. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன், உட்கார்ந்து படி.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அவர் சிநேகிதன் ஒரேஸ்தேவும் நம் ‘போ’ நதிக் கரைமேல் சைக்கிளில் போகும்போது விழுந்தார்கள், ஒரேஸ்தே போய்விட்டான், அப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது என்று உனக்குச் சொன்னேன். மண் சறுக்கிவிட்டது என்றும் சொன்னேன், எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். சறுக்கவில்லை. நல்ல வெயில், தார் காய்ந்து கிடந்தது. ஒரேஸ்தேவுக்கு இதயம் நின்றுவிட்டது. கரைமேல் அந்த ஒற்றைத் தார்ப்பாதையிலிருந்து அவன் சைக்கிள் புல்சரிவில் இறங்கிக் கீழே வாய்க்காலுக்குள் போனது. அப்பாவும் பின்னாலேயே போனார். பிரேக் பிடிக்கவில்லை, ஹேண்டிலைத் திருப்பவில்லை, ஒரு சத்தம்கூடப் போடவில்லை, அவன் போன தடத்திலேயே நேராக இறங்கிப் போய் விழுந்தார். ஏனென்றால் உன் அப்பாவுக்குக் கண் தெரியாது.

எலும்பு டாக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டார், கையெழுத்துப் போடச் சொன்னால் அப்பா தாளை விட்டு மேஜையில் போட்டிருக்கிறார். கண் டாக்டரிடம் காட்டினோம். பார்வையின் நடுப்பகுதி போய் வருஷக்கணக்காகிறதாம், ஓரம் மட்டும்தான் மிச்சமாம், வைத்தியமும் இல்லையாம். முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் திட்டு, காது தெரியும், முடி தெரியும், முகம் தெரியாது. நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். பேப்பரைப் படித்துச் சொல் என்றால் சோம்பேறித்தனம் என்று திட்டினேன். கார் ஓட்ட முழங்கால் வலிக்கிறது என்றால், சைக்கிள் மிதிக்க மட்டும் வலிக்காதா என்று கேட்டேன். அதற்கு அவர் சிரிக்க மட்டும் செய்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தார். ரெண்டு வருஷம் முன்னால் த்ரெப்பியா பள்ளத்தாக்குக்கு மேலே மலையடிவாரத்தில் ஒரு வளைவில் இவர் வளையாமல் நேராகச் சரளைக் கற்களுக்குள் போயிருக்கிறார். ஒரேஸ்தே இறங்கி வந்து மூக்குக்கு முன்னால் விரல்களை நீட்டி எத்தனை சொல்லு என்று கேட்டிருக்கிறான். இவர் குத்துமதிப்பாக ஏதோ சொன்னார். ஒரேஸ்தே ரோட்டிலேயே நின்று, "டேய் குருட்டுக் கழுதை, இத்தனை நாளா உன்னை நம்பியாடா இந்த இறக்கத்துல உன் பின்னால வந்தேன்" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதானாம். அடுத்த ஞாயிறு கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறக் காலுறை போட்டுக்கொண்டு வந்தான். "இனிமே ரோட்டைப் பாக்காதே, என் காலை மட்டும் பாரு, பள்ளம் வந்தா நான் கத்துறேன்" என்றானாம். உனக்கு அந்தக் காலுறைகள் தெரியும், போட்டோவில் பார்த்துச் சிரித்தாய். கடைத்தெருக் காபி பாரில் எல்லாரும், என்ன ஒரேஸ்தே, இந்த வயசில் பெண் பார்க்கப் போகிறாயா என்று ஓட்டுவார்கள். அவன் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்து இன்னும் நன்றாகக் காட்டுவான். காரணத்தை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டி ஜெம்மாவிடம்கூட.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியின் சட்டம் நீ சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். முன்னால் போகிறவன் எல்லாருக்குமாக ரோட்டைப் பார்க்க வேண்டும், குழி வந்தால் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனின் முதுகைப் பார்க்க வேண்டும், அவன் தள்ளாடினால் கத்த வேண்டும், பக்கத்தில் போய்ப் பிடிக்க வேண்டும். இதைத் தவறவிட்டவனுடன் யாரும் ஒரு கிளாஸ் ஒயின்கூடக் குடிக்க மாட்டார்கள். இந்த ரெண்டு பேரும் எப்போதும் கூட்டத்துக்குக் கடைசியில் மெதுவாகத்தான் வருவார்கள், அன்றைக்கும் மற்றவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள், பார்த்தவர் யாரும் இல்லை. வாய்க்காலில் அப்பா தடவித் தடவி ஒரேஸ்தேவின் தலையைக் கண்டுபிடித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருடா, எழுந்திருடா என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். டிராக்டரில் வந்த ஒரு விவசாயிதான் இறங்கிப் பார்த்து, ஐயா, அவர் போய் ரொம்ப நேரமாச்சு என்று சொல்லியிருக்கிறார்.

அடக்கத்துக்கு அப்பாவால் வர முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். ரெண்டு வாரம் கழித்து, கையைத் தூக்குத்துணியில் தொங்கவிட்ட அப்பாவோடு ஜெம்மாவைப் பார்க்கப் போனேன். ஜெம்மா பாதியாக இளைத்திருக்கிறாள். காபி வைத்தாள், பிஸ்கட் வைத்தாள், பிறகு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "எர்மெஸ் அண்ணே, இவருக்கு இதயம் பலவீனமா இருக்கு, பின்னால ஒருத்தர் கவனிச்சுக்கிட்டே வந்தா மட்டும் சைக்கிள் ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. 'எர்மெஸ்கிட்ட சொல்லிட்டேன், அவன் என் முதுகை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான்'னு இவரு சத்தியம் பண்ணாரு, அதனாலதான் அனுப்பினேன்" என்றாள். அப்பாவின் கை காபிக் கோப்பைமேல் அப்படியே நின்றது. ஒரேஸ்தே அவரிடம் இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, மிரெல்லா. சொன்னால் இவர் வெளியே கிளம்ப மாட்டார், வீட்டில் முடங்கிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பா மேஜைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார். "ஆமாம்மா, சொன்னான்" என்றார்.

பிறகு அவள் கேட்டாள், ரொம்ப வேதனைப்பட்டாரா, நீங்கதானே பின்னால இருந்து பார்த்தீங்க, ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிடுங்க என்று. அந்தப் பெண் கேட்ட விதத்தில் கல்லும் பொய் சொல்லும். அப்பா சொன்னார்: "வேதனையே இல்லம்மா. பாலம் தாண்டினதும் என்னைத் திரும்பிப் பார்த்தான். நல்லா முகம் மலர்ந்து சிரிச்சான். அப்புறம் தூக்கம் வர்ற மாதிரி தலை மெதுவாச் சாஞ்சுது, அவ்வளவுதான்." ஜெம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நல்ல அழுகை, இத்தனை நாளும் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்ததுபோல் அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். "மெதுவாச் சாஞ்சுதா? அதைப் பாத்துக்கிட்டேயா வந்தீங்க? ஒரு சத்தம் போடலையா? ஒரு கை நீட்டலையா?" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஜெம்மா எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். வாசல்வரை வந்து, இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க என்று மெல்லத்தான் சொன்னாள், கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஊர் முழுவதும் பரவிவிட்டது. கோஷ்டித் தலைவன் வால்தர் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். "எர்மெஸ், நம்ம ஆளுங்க மனசு சரியில்ல, கொஞ்ச நாளைக்கு நீ வர வேணாம்" என்றான். கிளம்பும்போது கோஷ்டிச் சட்டையையும் கேட்டான், புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சட்டை இல்லையாம். எந்தப் புதியவனுக்கு உன் அப்பா அளவில் தொப்பை இருக்கும், சொல். அப்பா தானே எழுந்து போய் அலமாரியைத் தடவி எடுத்து மடித்துக் கொடுத்தார். பாருக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம், அவரும் போவதை விட்டுவிட்டார். சைக்கிள் கொட்டகையில் வளைந்த சக்கரத்தோடு நிற்கிறது. தினமும் காலையில் போய்ச் செயினுக்கு எண்ணெய் போடுகிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன், ஜெம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது, இவர் கண்ணையும் சொல்லுவது, அவள் புருஷன் அவளிடம் சொன்ன பொய்யையும் சொல்லுவது என்று. எனக்கு அந்தச் செத்தவன்மேல் அவ்வளவு கோபம், அவனை நினைத்து அவ்வளவு அழுகை, ரெண்டும் ஒன்றாக வந்தது. அப்பா கதவருகே வந்து நின்றார். "லிதியா, அவளுக்கு இப்ப இருக்கிறது அந்தச் சிரிப்பு ஒண்ணுதான். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நீ சொன்னா, அதை யாரும் பாக்கலைன்னு ஆயிடும். அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம்?" என்றார். உங்களுக்கு என்ன மிச்சம் என்று நான் கத்தினேன். அவர் கதவை விட்டு நகரவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உருளைக்கிழங்கு உரித்தேன்.

இறந்தவர்கள் நாளன்று கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோனேன், நம் ஆட்களுக்கு வைத்துவிட்டுத் தூரத்திலேயே நின்றேன். ஒரேஸ்தேவின் கல்லில் இருந்த கறுப்புக் கோட்டுப் போட்டோவை எடுத்துவிட்டு, அவன் பல் தெரியச் சிரிக்கிற ஒரு போட்டோவை ஜெம்மா பதித்திருக்கிறாள். சுற்றி நின்ற பெண்களிடம், கடைசியில் இப்படித்தான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் நேராக நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். அன்றோடு எனக்கும் வாய் அடைத்துவிட்டது. உனக்கு மட்டும்தான் சொல்கிறேன், மாப்பிள்ளையிடம் சொல், வேறு யாரிடமும் வேண்டாம், ஊரில் உன் சிநேகிதிகளுக்கு எழுதிவிடாதே. அப்பாவிடமும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தொப்பி இல்லாமல் குழந்தையை வெளியே கொண்டுபோகாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உங்கள் மூவர் தலைமேலும் அம்மாவின் கை எப்போதும் இருக்கும், மாதா உங்களைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வீடியோவில் நீ நோராவைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம், மூக்கு அப்படியே தன்னுடையது என்று அப்பா சொல்கிறாரே, அது நான் பக்கத்திலிருந்து முதலில் சொன்னதைக் கேட்டு அவர் திருப்பிச் சொல்வது. அவர் அந்தக் குழந்தையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இனிமேல் போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் வை, அவள் சிரிக்கட்டும், அழட்டும், கத்தட்டும், தாத்தா கேட்கட்டும்.

உன் அம்மா
லிதியா