வளையம் குடுத்தாச்சு

இஞ்சருங்கோ, இன்றைக்கு உங்களுடைய திவசத்துக்கு வருகிற வழியிலேயே வண்டி என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

ஹரிஸ் பார்க்கில் வாழையிலையும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் நின்று நின்று வந்த வண்டி. பிளாக்டவுனில் இறங்கி றிச்மண்ட் பாதைக்கு மாறவேண்டும். மகன் வீடு அந்தப் பக்கம்தானே. மேம்பாலம் ஏறி இறங்கினால், வண்டி நிற்கிறது. கார்ட் விசில் ஊதினான். அந்தச் சத்தம் கேட்டதும் இந்த முழங்காலோடு ஓடினேன். கதவு மூக்குக்கு முன்னால் பூட்டிக்கொண்டது. கார்ட் என்னைக் கண்டான். கண்டுகொண்டேதான் போனான்.

பக்கத்தில் நின்ற தமிழ்நாட்டுப் பிள்ளை, "டென்ஷன் ஆகாதீங்க ஆன்ட்டி, அரை மணி நேரத்துல அடுத்தது வந்துடும்" என்றாள்.

"சந்தி ஸ்டேஷன் எண்டால் மற்றக் கோச்சி வருமட்டும் நிக்கோணும் பிள்ளை. என்ரை மனுசன் ஸ்டேஷன் மாஸ்டர்."

"இங்கெல்லாம் யாரும் வெயிட் பண்ண மாட்டாங்க ஆன்ட்டி."

அவளுக்கு என்ன தெரியும்? பிளாட்பாரத்து வாங்கில் குந்தியிருந்து உங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மாஸ்டராக இருந்த மதவாச்சிச் சந்தியைப் பெற்ற பிள்ளை மாதிரித்தான் பேசுவீர்கள். நேரே போனால் யாழ்ப்பாணம், பிரிந்து போனால் மன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவுக்குப் போகிற சனம் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினது அந்த வழியால்தான் என்று, நீங்களே டிக்கெட் வெட்டிக் கொடுத்ததுபோலச் சொல்வீர்கள். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன கதை வந்தால், சொந்த வீடு போனதுபோலக் குரல் இறங்கும். கொழும்பு வண்டி பிந்தினால் மன்னார் வண்டியை மறித்து வைத்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற சனம் யன்னலால் தலையை நீட்டி ஏசும். "ஏசட்டும். இறங்கி ஓடிவாறவனை விட்டிட்டுப் போனால் அது சந்தியில்லை, கொட்டில்" என்பீர்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

வண்டி போகலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரின் கையில் கொடுக்கிற அந்தப் பெரிய வளையத்தையும் நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். போகவும் வரவும் ஒரே தண்டவாளம் என்றபடியால், அந்த வளையம் கைக்கு வராமல் எந்த டிரைவரும் சந்தியைத் தாண்டமாட்டான். கொடுத்துவிட்டால் வண்டி வெளிக்கிட வேண்டும். அதற்குப் பிறகு மறிக்கிற வழக்கம் உங்களிடம் இல்லை.

என் அப்பாவுக்கு வருத்தம் கடுமை என்று எங்கள் ஊர் முருங்கனிலிருந்து தந்தி வந்த அன்று, நீங்களே குவாட்டர்சுக்கு ஓடிவந்து சொன்னீர்கள். "இஞ்சரும், கெதியா வெளிக்கிடும். மன்னார்க் கோச்சியில ஏத்திவிடுறன்." வெளிக்கிட்டேன். வாசல் படலையடியில் வைத்துக் குழந்தை உடுப்பெல்லாம் நாசமாக்கிவிட்டான். திரும்பிப் போய்க் கழுவி, மாற்றி, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தேன். படலைக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையில் ஒரு மரம்கூட இல்லை. நீலச்சேலை உடுத்தியிருந்தேன். டிரைவர் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் பச்சைக்கொடியை அசைத்தீர்கள். நான் கத்தினேன். வண்டி போனது.

"வளையம் குடுத்தாச்சு" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்தநாள் நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள். கழுவிவிட்ட முற்றத்தைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கும் அந்தச் சொல்தான். அவுஸ்திரேலியாவுக்கு வருகிறோம் என்று என்னைக் கேளாமலே மகனுக்கு ஓம் சொல்லிவிட்டு, "வளையம் குடுத்தாச்சு" என்றீர்கள். சண்டைக்காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிப் பங்கருக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்ட இரவு, நீங்கள் சாப்பிடாமல் படுத்தீர்கள். நான் வண்டியைத் தவறவிட்ட அன்று நன்றாகச் சாப்பிட்டீர்கள். கத்தரிக்காய்க் குழம்பு. நான்தான் போட்டுத் தந்தேன். மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் வாய்விட்டுக் கேட்டேன். "என்னைக் கண்ட பிறகோ வளையத்தைக் குடுத்தனீங்கள், காணமுன்னமோ?"

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தீர்கள். பிறகு, "மடு றோட் ஸ்டேஷனில எதிர்க்கோச்சி காத்துக்கொண்டு நிண்டது. அதுக்குள்ளயும் ஆரோ ஒருத்தி தேப்பனைப் பாக்கப் போயிருப்பாள்" என்றீர்கள்.

நியாயம்தான். நானா நியாயம் கேட்டேன்? கண்டேன், அல்லது காணவில்லை. ஒரு சொல். காணவில்லை என்று பொய்யாவது சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். நீங்கள் பொய் சொல்லமாட்டீர்களே, அதுதான் என்னை அரிக்கிறது.

வாங்கில் இருந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க மகன் போன் எடுத்தான். "அம்மா, எங்கை நிக்கிறியள்?"

"பிளாக்டவுனில. கோச்சி விட்டிட்டுப் போட்டுது. நீ தொடங்கு, ஐயரைக் காக்க வைக்காதை."

பின்னால் ஐயர் அவசரப்படுவது கேட்டது. "தம்பி, எனக்கு இன்னொரு வீடும் கிடக்கு. தொடங்குவமே? அம்மா பிறகு வந்து கும்பிடட்டும்."

"இல்லை ஐயா, இருந்து ஒரு கோப்பி குடியுங்கோ. அம்மா வராமல் வளையம் குடுக்கேலாது" என்றான் மகன்.

"என்ன வளையம் தம்பி?"

"அது அப்பான்ரை கதை ஐயா."

அன்றைக்கு என் இடுப்பில் இருந்தவன் அவன்தான். உடுப்பை நாசமாக்கியவனும் அவன்தான். உங்களிடமிருந்துதான் அந்தச் சொல்லைப் படித்தான். ஆனால் கொடுக்காமல் வைத்திருக்கவும் முடியும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் போனபிறகுதான் தொடங்கினார்கள். ஐயருக்கு முகம் சரியில்லை, எனக்கென்ன. உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தபோது, "அப்பாவுக்குப் பிடிக்கும்" என்று மகன் கத்தரிக்காய்க் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினான். விழுந்து கும்பிடும்போது, மற்றவர்களுக்குக் கேளாமல், அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டேன்.

படத்தில் நேரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, இருங்கோ. அந்தக் கேள்வியை நான் இன்னும் என் கையில்தான் வைத்திருக்கிறேன். ஒருவருக்கும் கொடுக்கவில்லை.