ஒன்பது ஓட்டை ஷவர்

மார்ச் 4, செவ்வாய்

சோப்பு இன்றும் நுரைக்கவில்லை. தேய் தேய் என்று தேய்த்தால் சோப்புதான் கரைகிறது, நுரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் அத்தனை உப்பு. வாளி ஓரம் வெள்ளை, குழாய் மூக்கு வெள்ளை, என் தலைமுடியும் வெள்ளை. முடி நரைத்தது தண்ணீராலா வயசாலா, தெரியவில்லை. பழியைத் தண்ணீர் மேலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

ஷவரில் மொத்தம் நாற்பது ஓட்டை. இன்று எண்ணினேன். ஒன்பதில்தான் தண்ணீர் வருகிறது, மற்றதில் உப்பு உட்கார்ந்துவிட்டது.

அவர் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அதுதான் அவருக்கு வேலை. ஷவரைக் கழட்டி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்துவார். அப்புறம் வாயில் வைத்து ஊதுவார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதின கண்டக்டர், எதைக் கண்டாலும் வாயில் வைத்து ஊதிவிடுவார். "படியில நிக்காத, எறங்கு எறங்கு" என்று உப்புத் தூளை விரட்டுவார். நான் அடுப்படியிலிருந்து, "ரிட்டையர் ஆனது உங்களுக்கா, ஊருக்கா?" என்று கத்துவேன்.

அவர் போய் ஏழு ஞாயிறு ஆகிவிட்டது. ஷவரை யாரும் கழட்டவில்லை. நான்தான் விடவில்லை. கடைசியாக அதைத் திருகி மாட்டியது அவர் கை. சட்டையைத் துவைத்தாயிற்று, தலையணை உறையைத் துவைத்தாயிற்று, துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கை போட்டு எல்லாவற்றையும் துவைத்துத் தள்ளிவிட்டார்கள். அவர் வைத்தது வைத்தபடி இருப்பது இந்த வீட்டில் இது ஒன்றுதான். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டுமே.

மார்ச் 7, வெள்ளி

ஏழு ஓட்டை. முதுகு நனைய நான்தான் செக்குமாடு மாதிரி சுற்றி வர வேண்டியிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் வந்தான், ஸ்பேனரோடு. மகள் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"தள்ளுங்க அண்ணி, ரெண்டு நிமிஷ வேலை."

"கழட்ட வேண்டாம்."

"அடைச்சிருக்கே."

"அடைச்சா அடைச்சிட்டுப் போகட்டும்."

"சரி, புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிடவா?"

நான் பார்த்த பார்வையில் ஸ்பேனர் தானாகப் பைக்குள் போனது.

"என்ன அண்ணி, ஒரு ஷவருக்கா இவ்வளவு ரோஷம்?"

"உங்க அண்ணன் மாட்டினது, தம்பி."

அவன் அண்ணாந்து பார்த்தான். ஒரு சொட்டு கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டான். இந்தத் தண்ணீர் கண்ணில் பட்டால் எரியும். அதற்குத்தான் துடைத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

காபி கொடுத்தேன். கெட்டிலுக்குள் பெயர்ந்த உப்புத் துணுக்கு ஒன்று மேலே மிதந்தது. "இது என்ன அண்ணி?" என்றான். "சத்து. பேசாம குடி" என்றேன்.

மார்ச் 12, புதன்

வேலை செய்கிற கேன்டீனில் இன்று எனக்கு மண்டகப்படி. கழுவி வைத்த கண்ணாடி டம்ளரை மேனேஜர் ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இது கழுவினதா, இனிமேதான் கழுவணுமா?"

"கழுவினதுதான் சார். காயும்போது தண்ணி கையெழுத்துப் போட்டுட்டுப் போகுது."

டீ மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவர் பாய்லரை எலுமிச்சை உப்பு போட்டு ஊற வைத்திருந்தார். உள்ளே பிடித்திருந்த உப்பெல்லாம் முட்டை ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. எனக்கு மூளையில் பல்பு எரிந்தது.

"மாஸ்டர், ஷவரைக் கழட்டாம இப்படி ஊற வெக்க முடியுமா?"

"ஏன் கழட்டாம?"

"முடியுமா, முடியாதா?"

"ஒரு பிளாஸ்டிக் பையில கரைச்சு ஊத்தி, ஷவர் மூஞ்சி அதுல முங்குற மாதிரி கட்டித் தொங்க விடுங்க அக்கா. அரை நாள் ஊறட்டும்."

ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மகராசன்.

மார்ச் 15, சனி

மூன்று ஓட்டை. மூன்றுமே கோணல். குளிக்கும்போது ஒரு துளி என் மேல் விழவில்லை, எல்லாம் காற்றுப் போகிற ஜன்னல் வழியாக வெளியே போனது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் குரல் கேட்டது.

"ஏம்மா! குளிக்கிறது நீயா, நானா?"

"என்னாச்சு அக்கா?"

"உக்காந்து காஜா எடுத்துக்கிட்டிருக்கேன், மூஞ்சிலயே பீச்சி அடிக்குது! வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு, சோப்பு எடுத்துட்டு வர்றேன்!"

இனி தாங்காது. நாளை பை கட்டிவிட வேண்டியதுதான்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, பெரிய பையில் ஊற்றி, ஸ்டூல் போட்டு ஏறி ஷவரில் கட்டினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கொழுந்தன் மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருப்பது மட்டும் மறந்துபோயிற்று. அவன் உடம்பெல்லாம் உப்புச் சேறோடு இறங்கி வந்து நேரே குளிக்கப் போயிருக்கிறான். கீழ்க்குழாய் என்று நினைத்து மேல் திருகைத் திறந்திருக்கிறான்.

டமால் என்று சத்தம். அப்புறம் "அண்ணீ!"

துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். கண் இரண்டும் இறுக்க மூடியிருக்கிறது. தலையில் பை, தொப்பி மாதிரி.

"அண்ணி, வெதுவெதுன்னு கொட்டுச்சு! வாயெல்லாம் புளிக்குது! அண்ணன் மேலேர்ந்து எம்மேல ஒண்ணுக்கு அடிச்சிட்டாரா?"

சிரித்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவனும் கண்ணைத் திறக்காமலேயே சிரித்தான். அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். கையில் ஷவர்.

"இது எப்படி உன் கைக்கு வந்துச்சு?"

"வழுக்கிச்சு அண்ணி, புடிச்சேன். நான் ஒரு சுத்து சுத்தினேன், அதுவும் எங்கூடவே சுத்தி வந்துடுச்சு. சத்தியமா நான் கழட்டல."

"பொய் சொல்லாத. ஸ்பேனர் வெச்சுத்தானே திருகின?"

"துண்டோட நிக்கிறேன் அண்ணி, ஸ்பேனரை எங்க வெப்பேன்?"

போ வெளிய, என் கண்ணுல படாத, போன்னு கத்திட்டேன். என்னென்னமோ சொல்லிட்டேன். அவனுக்கும் அண்ணன்தானே. பாவி, அதுகூடத் தோணலையே எனக்கு. சட்டையை இங்கேயே விட்டுட்டு, பேன்ட்டை மட்டும் மாட்டி, துண்டைப் போத்திக்கிட்டு வண்டியில ஏறிப் போய்ட்டான்.

போச்சு. அதுவும் போச்சு.

மார்ச் 17, திங்கள்

ஸ்டூல் போட்டு ஏறிக் குழாயைப் பார்த்தேன். கசியாமல் இருக்கச் சுற்றிய வெள்ளை டேப் இரண்டே சுற்று. மரை கொஞ்சம்கூடத் தேயவில்லை. ஸ்பேனர் பட்ட தடம் எதுவும் இல்லை. கொழுந்தன் சொன்னது நிஜம்தான். வெறும் கையால், லேசாகத்தான் மாட்டியிருக்கிறார். குழந்தை பிடித்துத் திருகினாலும் வந்திருக்கும்.

ஏன் இவ்வளவு லேசாக? கேன்டீனில் டம்ளர் கழுவும்போதெல்லாம் இதே யோசனை. இருபது டம்ளர் தாண்டித்தான் உறைத்தது. வேறென்ன, அடுத்த ஞாயிறு அவர்தானே கழட்ட வேண்டும். வாராவாரம் அடுத்த ஞாயிறை நினைத்துத்தான் மாட்டியிருக்கிறார். நான்தான் அதை ஆணி அடித்து வைத்த மாதிரி காவல் காத்திருக்கிறேன்.

கொழுந்தனுக்குப் போன் செய்தேன்.

"கண்ணு எரியுதா?"

"இல்ல அண்ணி. முடிதான் பட்டு மாதிரி ஆயிடுச்சு. வீட்டுல எல்லாரும் என்ன ஷாம்புன்னு கேக்குறாங்க."

"சட்டை இங்க கெடக்கு. வந்து சாப்ட்டுட்டு எடுத்துட்டுப் போ."

மார்ச் 23, ஞாயிறு

ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூக்குக் கண்ணாடி போட்டும் பாதி ஓட்டை தெரியவில்லை, விரலில்தான் அதிகம் குத்தினேன். ஊதியும் பார்த்தேன். உப்புத் தூள் திரும்பி வந்து மூக்கில் ஏறி, பதினோரு தும்மல். மனுஷன் எப்படித்தான் ஊதினாரோ.

டேப்பை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? முதல் தடவை பீச்சி அடித்தது. இரண்டாம் தடவையும். மூன்றாவதில் நின்றது.

முப்பத்தெட்டு ஓட்டை. இரண்டு மசியவில்லை. தண்ணீர் தலையில் தடதடவென்று விழுந்தது, நான் சுற்றி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்சம் அழுதேன். இந்தத் தண்ணீரில் அழுதால் கண் இரண்டு மடங்கு எரிகிறது, அதனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் தையல்கார அக்கா வீட்டு ஷவர். அதில் இருபத்தாறு ஓட்டை, எல்லாமே மூடிக் கிடந்தது. "எப்படிக்கா குளிச்சீங்க?" என்றேன். "உன் வீட்டு ஜன்னலை நம்பித்தான் இருந்தேன்" என்றாள்.

ஊற வைத்து, குத்தி, டேப் சுற்றி மாட்டினேன். அக்கா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இறுக்கிடும்மா. வருஷம் பூரா அசையக் கூடாது."

"வேணாம்கா. கையால திருகினா போதும். ஒரு மாசத்துல திரும்ப அடைச்சுக்கும், கழட்டணும்."

"யாரு வந்து கழட்டுவா?"

"நான்தான்."