ஃபிளாஸ்க் கழுவியே வருகிறது

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் நின்று கால் இரண்டும் மரத்துவிட்டது. சீட்டை வாங்கு, மாத்திரையை எடு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்லு, அடுத்த ஆளைக் கூப்பிடு. இருபத்தாறு வருஷமாக இதே பாட்டு.

மதியம் வரிசையில் ஒரு தையற்காரம்மா வந்தாள். அக்கா குடியிருக்கும் கட்டடத்தில் கீழ் வீடு அவளுடையது.

"உங்கக்கா பாவம்மா. ஒரு வார்த்தை பேசாம எப்படித்தான் இருக்காங்களோ."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தெரிந்த மாதிரியே "ஆமா, பாவம்" என்று சொல்லி அவள் வாயைக் கிளறினேன். அக்காவுக்குப் போன வெள்ளிக்கிழமை தொண்டையில் ஆபரேஷன். குரல் நாணில் ஒரு கட்டியாம். எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

வேறு ஆஸ்பத்திரி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எனக்குத் தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா படுக்கையில் இருந்தபோது பார்த்துக்கொண்டது நான். அக்கா சனிக்கிழமை வருவாள், ஞாயிற்றுக்கிழமை போவாள். ஒருநாள் அம்மாவின் மாத்திரையை மாற்றலாமா என்று ஏதோ கேட்டாள். நல்லபடியாகத்தான் கேட்டாள். நான் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க, "விருந்தாளியா வந்துட்டுப் போறவங்க இங்க வாயைத் திறக்க வேண்டாம்" என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "நீங்க சொல்றது சரிதான்" என்றாள்.

நீங்க! எட்டு வயது சின்னவள் நான். எனக்குத் தலை பின்னிவிட்டவள், முதுகில் நாலு வைத்தவள். அன்றோடு நான் அவளுக்கு 'நீங்க' ஆகிவிட்டேன். அம்மா போன பிறகும் அதேதான். "சாப்பிட்டீங்களா", "வர்றேங்க". திட்டியிருந்தால் திருப்பித் திட்டி முடித்திருப்பேன். மரியாதையை எதைக் கொண்டு உடைக்கிறது?

வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். இப்போது திறக்க முடியாமல் கிடக்கிறாள். எல்லாம் என் வாய் முகூர்த்தம். மருந்து படித்தவள் இப்படி எழுதலாமா? எழுதத்தான் செய்கிறேன்.

மார்ச் 5, புதன்

காபி நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். தையற்காரம்மா சொன்னது. அக்காவுக்குக் காபி இல்லாமல் காலையே விடியாது.

அலமாரியில் பிரிக்காத கோகோ டப்பா ஒன்று இருக்கிறது. காபிக்குப் பதில் அதைக் கொடுத்தால் என்ன?

மார்ச் 6, வியாழன்

விடியுமுன் எழுந்து அடுப்படியில் நின்றேன். கொதிக்கிற பாலில் பொடியை அப்படியே கொட்டினேன். கட்டி கட்டியாக மிதந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இரண்டு ஸ்பூன் கோகோ, ஒரு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிண்ணத்தில் பசை மாதிரி குழைத்துக்கொண்டு, பாலைச் சிறு தீயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. கசப்பை அது அமுக்கிவிடுகிறது. பட்டு மாதிரி வந்தது. தொண்டைக்குச் சூடு ஆகாது என்று வெதுவெதுப்பாக ஆற்றி ஃபிளாஸ்க்கில் ஊற்றினேன்.

இவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஏழரைக்கு அக்கா வீட்டு வழியாகத்தான் கார் போகும்.

"நீயே போய்க் குடுக்கலாமே" என்றார்.

"அவ மூஞ்சிய எப்படிங்க பார்ப்பேன்? அதுக்கு ஒரு முகம் வேண்டாமா? நாலு வருஷமா எட்டிப் பார்க்காதவ இப்ப—"

நான் பேச்சில் வேகம் எடுத்தால் இவருடைய வலது கால் தானாகத் தரையை அமுக்கும். பிரேக் போடுகிற தொழில் பழக்கம். இன்றும் அமுக்கினார். நான் நின்றுவிட்டேன்.

சாயங்காலம் ஃபிளாஸ்க் திரும்பி வந்தது. உள்ளே வெளியே கழுவி, துடைத்து, மூடியைத் தனியாகக் காயவைத்து. ரப்பர் பேண்டில் ஒரு சீட்டு:

"தாங்கள் அனுப்பிய கோகோ பானம் இன்று காலை 7.40 மணிக்குக் கிடைக்கப் பெற்றது. நன்றி. ஃபிளாஸ்க் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது."

முப்பத்தொரு வருஷம் அரசு அலுவலகத்தில் கடிதம் வரைந்தவள். ஓய்வு பெற்றும் கை ஓயவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பட்டை ஒரு துண்டு பாலில் போட்டுக் கொதிக்கவிட்டேன். வீடே மணத்தது.

பதில்: "பட்டை சேர்க்கப்பட்டிருந்தது கவனத்துக்கு வந்தது. நன்றி."

ஃபிளாஸ்க் கழுவி வந்தது.

மார்ச் 8, சனி

கோகோவைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்கிறேன். மெக்னீசியம் இருக்கிறது, இரும்பு இருக்கிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் சத்து ஒன்று உண்டு என்கிறார்கள். மனசுக்கு இதம் தருமாம். பாலில் கால்சியம், வயதான எலும்புக்கு நல்லது. சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் இதில் பாதி அடிபட்டுப் போகும், அதையும் எழுதியிருக்கிறார்கள்.

மனசுக்கு இதம் என்று யார் சொன்னது? மீந்ததை நான்தான் குடிக்கிறேன். அக்கா தொண்டையில் எடுத்த அந்தத் துண்டு எந்தக் கண்ணாடித் தகட்டில் யார் கண்ணுக்குக் கீழே இருக்கிறதோ என்று கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆரஞ்சுத் தோல் துருவிப் போட்டேன். ஆர்வக்கோளாறில் சாறும் இரண்டு சொட்டு. பால் திரிந்தது. இரண்டாவது தடவை தோல் மட்டும்.

பதில்: "ஆரஞ்சு குறித்துக் கருத்து ஏதும் இல்லை."

பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட மனசு வரவில்லை பார். வீட்டு மனுஷியிடம் "நல்லா இல்லை" என்போம். வெளி ஆளிடம்தானே கருத்து இல்லை என்போம்.

மார்ச் 10, திங்கள்

சுக்குப் பொடி. நாளைக்குத் தேங்காய்ப் பால், கறுப்பு சாக்லேட் ஒரு துண்டு.

"உங்கக்காவுக்குக் கோகோ அனுப்புறியா, பரீட்சை எழுதுறியா?" என்றார் இவர்.

பரீட்சைதான். யார் திருத்துவது, எப்போது முடிவு, ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கழுவி வந்தது.

மார்ச் 12, புதன்

ஒரு சந்தேகம் புகுந்துவிட்டது. குடிக்கிறாளா? இல்லை, கொட்டிவிட்டுத்தான் கழுவுகிறாளா? கழுவிய ஃபிளாஸ்க்கைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை.

மார்ச் 13, வியாழன்

எழுத்து கோணலாகத்தான் வரும்.

பதினோரு மணி இருக்கும். நெஞ்செரிச்சல் மாத்திரைக்கு ஒருவர் வந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "காபி, சாக்லேட், காரம், மூணும் கொஞ்ச நாள் தள்ளி வைங்க. அமிலம் மேல ஏறித் தொண்டையப் புண்ணாக்கும்."

என் வாயில் வந்தது என் காதில் விழுந்தது. தொண்டையப் புண்ணாக்கும். கோகோ வேறு, சாக்லேட் வேறா? இரண்டும் ஒரே கொட்டைதானே! ஊருக்கெல்லாம் சொல்கிறவள், கத்தி வைத்த தொண்டைக்குத் தினம் ஒரு ஃபிளாஸ்க் அனுப்பியிருக்கிறேன்! மெக்னீசியமாம், இரும்பாம். அறிவு எங்கடி போச்சு உனக்கு?

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் படிக்கட்டு. கதவைத் திறந்தாள். இளைத்துவிட்டாள். கழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், நூலில் கட்டிய பேனா.

"குடிக்காதே அக்கா! கோகோவக் குடிக்காதே! நான் மடச்சி!"

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அடுப்படியில் ஃபிரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரி கொடுத்த தாள் ஒட்டியிருந்தது. மூன்றாவது வரி: காபி, சாக்லேட், கோகோ தவிர்க்கவும். சிவப்பு மையில் அடிக்கோடு. அக்கா போட்டால்தான் கோடு அவ்வளவு நேராக இருக்கும்.

"தெரிஞ்சேவா குடிச்சே?"

எழுதினாள்: "தினம் இரண்டு வாய் மட்டும். மீதி கீழ் வீட்டுத் தையற்காரம்மாவுக்கு. ஆரஞ்சு அவருக்கும் பிடிக்கவில்லை."

"வேண்டாம்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே? அந்த ரெண்டு வாய் மட்டும் எதுக்கு?"

அடுத்த பக்கத்தைப் புரட்டி எழுதினாள்.

"சொன்னால் நிறுத்திவிடுவீர்கள்."

நான் அழுதேன். அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, கோட்டுப் பையில் மாத்திரை அட்டைகள் குத்த. "என்னை நீன்னு எழுது அக்கா" என்றேன். அவள் பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, "உட்காருங்கள்" என்று எழுதினாள்.

கவுன்டரில் ஆள் நிற்பார்கள் என்று சொல்லி வந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

வெறும் பால் அனுப்பினேன். சர்க்கரை கொஞ்சம். ஃபிளாஸ்க் நிற்கக்கூடாது.

மார்ச் 15, சனி

பதில்: "இரண்டு நாட்களாகப் பால் கிடைக்கப் பெற்றது. சப்பென்று உள்ளது."

சப்பென்று உள்ளது! நாலு வருஷத்தில் முதல் குறை. இதை இவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "நல்லா இல்லேன்னு சொன்னதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார். அவருக்கு அக்கா இல்லை, அண்ணன் இல்லை. என்ன தெரியும்?

மார்ச் 16, ஞாயிறு

கழுவிய ஃபிளாஸ்க். சீட்டில்: "நாளை காலை 10 மணிக்குப் பரிசோதனை முடிவு. இது தங்கள் தகவலுக்காக."

தகவலுக்காக என்றால்? வா என்கிறாளா, வராதே என்கிறாளா? மூன்று தடவை படித்தேன்.

"கூட வரச் சொல்றாங்க" என்றார் இவர். "உங்கக்கா பாஷையில வேற எப்படிக் கேப்பாங்க?"

மார்ச் 17, திங்கள்

போனேன். டாக்டர் அறைக்கு வெளியே நீல நாற்காலிகள். அக்கா பக்கத்தில் நான். என் முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. அவள் முன்னால் சுவரைப் பார்த்தபடியே கையை என் முழங்காலில் வைத்து அமுக்கினாள். ஆட்டாதே என்று அர்த்தம். கைக்கு நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது.

அப்போதுதான் சொன்னேன். "அன்னிக்கு விருந்தாளின்னு சொன்னேனே, அது தப்பு அக்கா. எல்லார் முன்னாடியும் சொன்னது அதைவிடத் தப்பு."

நோட்டைத் திறந்தாள். "குறித்துக்கொள்ளப்பட்டது."

சிரிப்பதா அழுவதா? அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

கெட்ட கட்டி இல்லை. கெட்ட கட்டி இல்லை. இன்னொரு தடவையும் எழுதிக்கொள்கிறேன், கெட்ட கட்டி இல்லை.

குரலை மெல்ல மெல்லத் திறக்க வேண்டுமாம், இரண்டு வாரத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்தே நிமிஷம். பழைய குரல் முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாதாம். நான் கோகோவைக் கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு வாரம் போகட்டும். அப்புறம் சின்னக் கப். குடிச்சதும் படுக்க வேண்டாம்."

வழியெல்லாம் ஐந்து நிமிஷத்தை அக்கா எனக்குச் செலவழிப்பாளா என்று காத்திருந்தேன். பேசவில்லை. வாசலில் இறங்கிக் கை கூப்பினாள். கை கூப்பினாள்!

மார்ச் 20, வியாழன்

தையற்காரம்மா சொல்கிறாள், அக்கா கதவைச் சாத்திக்கொண்டு "ஆ", "ஊ" என்று பழகுகிறாளாம். ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கிறதாம்.

நான் போன் பண்ணவில்லை. எடுத்து "சொல்லுங்க" என்றால் தாங்கமாட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு வாரம் முடிந்தது. காலையில் கோகோ. பட்டை இல்லை, ஆரஞ்சு இல்லை, ஒன்றும் இல்லை. பொடி, பால், சர்க்கரை, உப்பு. பாலை அடுப்பில் வைத்துவிட்டு இன்றைக்காவது பேசுவாளா, பேசினால் எப்படிப் பேசுவாள் என்று சன்னலோரம் நின்றுவிட்டேன். கருகல் வாசனை வந்த பிறகுதான் ஓடினேன். வேறு பால் இல்லை, இவருக்கு நேரமாகிவிட்டது. மேலாக வடித்து ஊற்றிக் கொடுத்தேன். முதல் கப்பே இப்படியா.

எட்டு மணிக்குப் போன் அடித்தது. அக்கா நம்பர்.

எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் மணலில் தேய்த்த மாதிரி ஒரு குரல்.

"ஏண்டி... பாலை அடிப்பிடிக்க விட்டுட்டியா?"

இந்தத் தடவை எனக்குத்தான் குரல் வரவில்லை.

"கேக்குதாடி? எனக்கு அஞ்சு நிமிஷந்தான் இருக்கு."

"கேக்குதுக்கா" என்றேன்.

சாயங்காலம் இவர் ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சீட்டு இல்லை. திறந்து பார்த்தேன். கழுவவில்லை. அடியில் கோகோ காய்ந்து கருப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, நான்தான் தேய்த்துக் கழுவினேன்.