ரத்தத்தில் தங்கிய பிள்ளை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்கால் வலி இப்போ எப்படி இருக்கு? தைலம் தீர்ந்திருந்தா மருந்துக் கடைக்காரருக்கு ஒரு போன் போடு, அவரே கொண்டுவந்து கொடுப்பார்.

போன வாரம் லேப்ல ஒரு கூத்து. வயசான ஒரு அம்மாவோட ரத்தத்தைச் சோதிச்சேன். அதுல ஆம்பளைங்க செல்லுல மட்டும் இருக்கிற ஜீன் தெரிஞ்சுது. என் எச்சிலோ தோலோதான் விழுந்திருக்கும்னு பயந்து, மேஜையைத் துடைச்சு, கையுறையை மாத்தி, மறுபடியும் செஞ்சேன். அதே பதில்தான். வேலை போச்சுன்னு நினைச்சுக்கிட்டே மேடம் முன்னாடி போய் நின்னேன்.

அவங்க சிரிச்சுட்டாங்க. "அந்த அம்மாவுக்கு மகன் இருப்பான்பா. வயித்துல இருக்கும்போதே பிள்ளையோட செல் கொஞ்சம் தாயோட ரத்தத்துல கலந்துடும். பல வருஷம் ஆனாலும் சிலருக்கு அது போகவே போகாது"ன்னாங்க. விசாரிச்சா, அந்த மகனுக்கே இப்போ தலை நரைச்சுடுச்சாம்.

என் பழைய போர்வையை யாராவது இங்கே வந்தா கொடுத்தனுப்பு. இங்கே வாங்கினது உடம்பை உறுத்துது.

கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஒரு ஆளுக்காக எதுக்கு அடுப்பைப் பத்தவைக்கணும்னு நீ ராத்திரி வெறும் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுத்துடறியாமே, பக்கத்து வீட்டு அத்தை சொன்னாங்க. ஒரு ஆளுன்னு யாரு சொன்னா? உள்ளே நானும் இருக்கேன். என்னைப் பட்டினி போடாதேம்மா.

உன் சின்னவன்