கோட்டுக்குக் கீழே உள்ள தண்ணீர்

இன்று காலை உன் தண்ணீர் பாட்டிலைக் கழுவும்போது, அதில் நீ போட்ட நகப்பூச்சுக் கோட்டில் ஒரு முனை உரிந்து விரலோடு வந்துவிட்டது. சிவப்பாக, பொட்டளவுதான் இருக்கும். குழாயை மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜன்னல் வெயில் பாட்டிலுக்குள் நுழைந்து வெளியே வந்து சுவரில் நெளிந்துகொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நீ பார்த்திருந்தால், "இன்னாடி, கண்ணத் தொறந்துக்கினே தூங்குறியா?" என்று கேட்டிருப்பாய்.

இதே பாட்டிலோடுதான் நீ முதல் நாள் நம் பட்டுக்கடைக்கு வந்தாய். ஓரிக்கையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, இரண்டாம் மாடியில் கல்யாணப் புடவைப் பிரிவில் என் பக்கத்தில் நின்றாய். கையில் இந்தப் பாட்டில், அதன் கழுத்து வரைக்கும் தண்ணீர். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாமா, வேலைக்கு வந்தியா, டூருக்கு வந்தியா?" என்றேன்.

பட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டமாகத் தடம் நின்றுவிடும். அதனால் மாடிக்குத் தண்ணீர் கொண்டுவரக் கூடாது என்பது கடைச் சட்டம். குடிக்க வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். குடித்தால் சும்மா இருக்குமா? அடுத்ததற்குக் குடோனுக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூமுக்குப் போக வேண்டும். அந்தக் கதவின் சாவி சூப்பர்வைசரின் சட்டைப்பையில். மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆண்பிள்ளையிடம் போய், "சார், சாவி" என்று கேட்க நம்மில் யாருக்கு வாய் வந்தது? அதனால் எங்கள் வழியை உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். "காலையில ஒரு வாய் காப்பி, அதோட சரி. சாயந்திரம் வீட்டுக்குப் போயி எவ்ளோ வேணா குடிச்சுக்கோ. பழகிடும்மா." இதைச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்.

நீ பழகினாய். பழகியது மட்டுமா, என்னையே மிஞ்சிவிட்டாய். "இன்னிக்கு ஒரு சொட்டுக்கூட குடிக்கலடி" என்று பரிசு வாங்கியவள் மாதிரி சொல்வாய். நானும் விடாமல், "நான் காப்பிகூட குடிக்கல" என்பேன். எப்பேர்ப்பட்ட பைத்தியங்களாக இருந்திருக்கிறோம்! நின்று நின்று கால் வீங்கிச் செருப்பு வார் தோலில் பதிந்திருக்கும். அதற்குத் தெருமுனை மெடிக்கலில் கால்வலி மாத்திரை. நீர்க்கடுப்பு வந்தால் சூட்டு உடம்பு என்று சொல்லி ஓர் இளநீர். மாத்திரை அட்டையை நீ அரக்குப் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பாய், நான் மாம்பழ மஞ்சளுக்குப் பின்னால்.

இருந்தும் அந்த மத்தியானங்களை நினைத்தால் எனக்கு இன்னும் கண் செருகுகிறது. கூட்டம் ஓய்ந்ததும், விரித்துப் போட்ட புடவைகளை ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்போம். நெருங்கி வருவோம், விலகிப் போவோம், மறுபடி நெருங்குவோம். மயில்கழுத்து நிறம் நமக்கு நடுவே எழும்பி அடங்கும். அடுத்தது இலைப்பச்சை, அடுத்தது வெங்காயத் தோல் நிறம். தாகத்தில் தலை லேசாக மிதக்கும், விளக்குகளெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். நீ அரைக்கண் மூடிக்கொண்டு, "பாலாத்துல தண்ணி வந்தா இப்படித்தான் அலையடிக்கும்" என்பாய். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அது உடம்பு தண்ணீர் கேட்ட கேள்வி என்று அப்போது தெரியவில்லை.

ஒரு தை மாத முகூர்த்த நெரிசலில், மடித்துக்கொண்டிருந்த புடவையின் மறுமுனை என் பக்கமாகத் தொய்ந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் நீ தரையில் உட்கார்ந்திருந்தாய், முகம் உப்பி. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை எத்தனை வருஷம், கடுப்பு எத்தனை தடவை, பிரஷர் பார்த்ததுண்டா, தண்ணீர் எவ்வளவு குடிப்பாய் என்று டாக்டர் வரிசையாகக் கேட்டாராம். "எது மொதல்ல கெடுத்துச்சுன்னு சொல்ல முடியாதாம்டி. எல்லாம் கூட்டு சேந்துக்கினு செஞ்சிருக்குதாம்" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம்தான் அந்தக் கொடுமை. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். குடிக்கும் தண்ணீர் வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கிவிடுகிறது, ஆகையால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் என்று சொல்லிவிட்டார்கள். பாட்டிலில் அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் உன் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாய். நான் பார்க்க வந்த அன்று அதைத் தூக்கிக் காட்டினாய். "இது வரைக்கும்தான் ரொப்பணும். மாத்திரை முழுங்கறதும் இதுலதான். தண்ணி இருந்தப்ப நான் தொடல. இப்ப தொண்ட கேக்குது, குடுக்க மாட்டேங்குறாங்க."

அன்றுதான் உன் கனவையும் சொன்னாய். "பாலாறு ரெண்டு கரையும் ரொம்பிப் போவுதுடி. நம்ம கடைப் பொடவைங்க எல்லாம் அதுல மெதந்துக்கினு போவுது, ஒண்ணுலகூட கறை இல்ல. நான் முட்டி போட்டு கையால அள்ளி அள்ளிக் குடிச்சுக்கினே இருக்கேன். நம்ம சார் கரையில நின்னுக்கினு சாவிய ஆட்டுறாரு!" நாம் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குமுன் நான் சொல்லிவிட்டேன்: "நான்தானே உனக்குக் குடிக்காதன்னு சொன்னது. என்ன மன்னிச்சுடு."

நீ என் கையைத் தட்டிவிட்டாய். "ஆமா, இவ பெரிய கலெக்டரு, இவ சொன்னா நான் கேட்டுக்கினேன்! நீயும்தானே வாயக் கட்டிக்கினு நின்ன?" பிறகு, "ஒண்ணு செய். சாவியக் கேளு. எல்லாருக்கும் முன்னாடி, சத்தமா கேளு" என்றாய். கேட்கிறேன் என்றேன்.

நீ இருந்தவரை நான் கேட்கவில்லை. உன் காரியம் முடிந்த அன்று உன் அக்கா ஒரு புடவையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் இந்தப் பாட்டிலை வாங்கி வந்தேன். அதற்குப் பிறகும் பல மாதம் வாயைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். அவ்வளவு வெட்கம் எனக்கு!

போன ஆவணியில் ஒரு நாள், கவுண்டர் நிறையப் புடவை, எதிரே ஒரு கல்யாண வீடே உட்கார்ந்திருந்தது. அடிவயிற்றில் பழைய கடுப்பு தொடங்கியது. பெண்ணின் அம்மா மயில்கழுத்து நிறத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னார். ஒரு முனையை உதறினேன். மறுமுனையைப் பிடிக்க யாருமில்லை.

"சார், பாத்ரூம் சாவி குடுங்க" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே திக்கென்றது.

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். "கஸ்டமர் இருக்காங்கம்மா..."

"இருக்கட்டும் சார். எனக்கும் ஒடம்பு இருக்குது."

பெண்ணின் அம்மா சட்டென்று எழுந்தார். "எங்கம்மா இருக்குது? நானும் வரேன். காலையில வேன்ல ஏறினதுலேர்ந்து அடக்கிக்கினு உக்காந்திருக்கேன், யாரக் கேக்கறதுன்னு தெரியல." இரண்டு பேருமாகப் படியிறங்கினோம். உன்னிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் அந்தச் சாவி மாடிப்படி ஓரத்து ஆணியில் தொங்கியது. சூப்பர்வைசருக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கும், பாவம். இப்போது படித் திருப்பத்தில் நம் பெண்களின் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. பட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தினமும் நிரப்பித் தினமும் கழுவுவதால்தான் உன் கோடு உரிகிறது. கோட்டுக்கு மேலே இருப்பது என் பங்கு. மத்தியானத்துக்குள் அது தீர்ந்துவிடுகிறது. அப்புறம் தண்ணீர் உன் கோட்டைத் தொட்டு நிற்கும். ஒரு கணம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பிறகு கீழே இருக்கும் உன் பங்கையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறேன்.