மேட்டை விட்டு இறங்கியவள்

மார்ச் 9, ஞாயிறு

டிவியில் புது நாடகம். போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனபின் பெண்கள் உழுது அறுத்த கதை. மருமகள் எனக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவள் நல்லது செய்தால் நம்பக் கூடாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் தலையணையை விருந்தாளிக்குத் தூக்கிக் கொடுத்தவள். நாடகத்துப் பெண்களின் நகத்தில் துளி அழுக்கில்லை. கிழங்கு தோண்டித் தோண்டி எங்களுக்கு விரலே மடங்காது.

மார்ச் 10, திங்கள்

பேத்தி சலவைக் கடை வேலை முடிந்து வந்ததும் ஜனங்கள் எழுதின கருத்துகளைப் போனில் வாசித்தாள். ஒருத்தன், "பொம்பளைங்க டிராக்டர் ஓட்டுனாங்களாம், நல்லா விடுறாங்க ரீலு." ஒருத்தி, "ஹீரோயின் தலைத்துணி எந்தக் கடையில வாங்கினது?" இரண்டு பேரும் சிரித்தோம். "நீயும் வயல்ல வேலை செஞ்சவதானே பாட்டி, சொல்லேன்" என்றாள். கிழங்கு தோண்டினேன் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

நாங்கள் காவலுக்கு நின்ற மாதிரி மேட்டைக் காட்டிவிட்டார்கள். மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டையும். விமானச் சத்தம் கேட்டால் அதைத் தட்ட வேண்டும். கீழே வேலை செய்பவர்கள் வாய்க்காலில் படுத்துக்கொள்வார்கள். நாடகத்தில், காவலுக்கு நின்றவள் ஒரு சிப்பாயைப் பார்க்க இறங்கி ஓடினாள். விமானம் வந்தது. சின்னப் பெண் ஒருத்தி செத்தாள்.

நான் எழுந்து போய்க் குளியலறையில் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

"அந்த ஓடுகாலிய அடுத்த வாரம் தூக்குல போடணும்." "புழுத்துச் சாகணும்." பேத்தி ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு அவளே எழுதினதை வாசித்தாள்: "இவளுக்கெல்லாம் பேரன் பேத்தி இருந்தா, அதுங்க நாண்டுக்கிட்டு சாகணும்."

"எப்படிப் பாட்டி எழுதியிருக்கேன்?"

நல்லா இருக்கு என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

சோறு இறங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

எழுதிவிடுகிறேன். மருமகள் படித்தால் படிக்கட்டும்.

நான்தான் அவள். ஆனால் சிப்பாய் யாரும் இல்லை. எனக்கு இருந்தது பசி.

முந்தின நாள் என் கை தவறிக் கூடை கவிழ்ந்ததற்கு மேஸ்திரியம்மா இரண்டு வேளை ரொட்டியை நிறுத்திவிட்டாள். எனக்குப் பதினேழு வயது. மேட்டுக்குக் கீழே, தோண்டின வரிசையில் ஒரு கிழங்கு தெரிந்தது. இறங்கினேன். மண்ணோடு கடித்தேன். இரண்டாம் கடியில் விமானச் சத்தம் கேட்டது. திரும்ப ஏற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து எட்டு வைத்தால் போதும். ஏறவில்லையே. வாய்க்காலில் போய் விழுந்தேன். மற்றவர்களுக்குக் காதில் விழுந்துவிட்டது, படுத்துவிட்டார்கள். கீச்சு என்று நாங்கள் கூப்பிடும் சின்னப் பெண் மட்டும் கடைசி வரிசையில் பாடிக்கொண்டே தோண்டினாள் — அவள் பாட்டே அவள் காதை அடைத்துவிட்டது. பதினாலு வயசு.

வாயில் இருந்ததைத் துப்பினேனா? இல்லை. படுத்த இடத்திலேயே முழுங்கினேன். அறுபத்திரண்டு வருஷமாக அது இன்னும் இறங்கவில்லை.

ரொட்டி விஷயம் வெளியே வரக் கூடாதென்று மேஸ்திரியம்மாதான், நான் ஆளைப் பார்க்க ஓடினேன் என்று பரப்பிவிட்டாள். நானும் மறுக்கவில்லை. ஒரு கிழங்குக்காக என்று எந்த வாயால் சொல்வேன்? மேஸ்திரியம்மா செத்து இருபது வருஷம். இன்னும் மன்னிக்கவில்லை. என்னை மட்டும் மன்னித்தேனா என்ன.

மார்ச் 22, சனி

பேத்தியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள். பிறகு போனை எடுத்துத் தான் எழுதினதை அழித்தாள்.

"அன்னைக்கே என்னை ஒரு அறை விட்டிருக்கலாம்ல, பாட்டி?"

"எதுக்குடி? நீ ஒண்ணும் பொய் எழுதலையே."

அழுதாள். பிறகு நான் சொல்லச் சொல்ல அதே இடத்தில் எழுதினாள். சிப்பாய் இல்லை, கிழங்கு. செத்தவளைக் கீச்சு என்று கூப்பிடுவோம். முன்பல் பாதி உடைந்திருக்கும்.

மார்ச் 24, திங்கள்

"பாட்டி, சும்மா அடிச்சு விடாதீங்க." சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் பதினாறு பேர். ஒருத்தன் மட்டும், "ஒரு கிழங்குக்கு ஒரு உசுரா? த்தூ."

அவன்தான் சரியாகப் படித்திருக்கிறான்.

மார்ச் 27, வியாழன்

ஒரு பதில். "முன்பல் உடைஞ்சவ எங்க அக்கா. எனக்கு அப்ப ஆறு வயசு. உங்களப் பாக்கணும்."

"என்ன பாட்டி சொல்லட்டும்?" என்றாள் பேத்தி. வரச் சொல் என்றேன். காறித் துப்பத்தான் வருவாள். வரட்டும்.

ஏப்ரல் 5, சனி

வந்தாள். முழுக்க நரைத்த தலை, கையில் தடி. மருமகள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், கேட்காமலே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

அவள் துப்பவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"வீட்ல அக்கா பேச்சையே எடுக்க மாட்டாங்க, அம்மா அழுவாங்கன்னு. அவ மொகம்கூட எனக்கு நெனப்பில்ல" என்றாள். "அன்னைக்குக் காலைல அவ என்ன பண்ணிக்கிட்டு இருந்தா?"

எனக்கா மறக்கும்? சொன்னேன். செருப்பு வார் அறுந்து சணலால் கட்டியிருந்தாள். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே சிரித்தாள். வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்கு ஒழுங்காக எண்ணச் சொல்லித்தர வேண்டும், கழுதை ஏழுக்கு அப்புறம் நேரே பத்துக்குத் தாவுது என்றாள்.

வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள்.

செருப்பு வாரிலிருந்து ஆரம்பித்தேன்.