புதுப் பெடலுக்குப் பழைய சப்பாத்து

யோங் பெங்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

எங்கள் சைக்கிள் கடைக்கு மலைச் சைக்கிளுக்கான புதுப் பெடல் வந்திருக்கிறது. அகலமான தட்டைப் பெடல். கால் வழுக்காமலிருக்க மேலெல்லாம் குட்டி ஆணிகள். செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் நான்தான் ஓட்டிப் பார்த்தேன், சிலிப்பரோடு. கால் நழுவியதும் பெடல் சுழன்று முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. சின்னக் கீறல்தான்.

"அலமாக், சப்பாத்து போடாம யாருப்பா இத ஓட்டுவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார் முதலாளி செல்லப்பன்.

தட்டையான ரப்பர் அடியில்தான் ஆணி நன்றாகப் பிடிக்குமாம். கட்டிலுக்கடியில் கிடக்கும் என் பள்ளிக்கூடச் சப்பாத்தை அனுப்புங்கள். கெடாவிலிருந்து பார்சல் மூன்று நாளில் வந்துவிடும். கொஞ்சம் நெத்திலிச் சம்பலும் வையுங்கள், தனியாகச் சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள.

போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்; எழுத்திலும் மறைக்க முடியவில்லை. கீறலுக்கு ஆறு தையல்.

உங்கள்
கால்வின்